காலி அறையின் நட்டம் யார் தலையில்? தமிழ்நாட்டுத் தங்கும் விடுதிகளில் வேலை தேடுவோருக்கு ஓர் ஒப்பீடு

பிளஸ் டூ முடிவுகள் வெளியாகும் மே மாதத்தில் உறவினர் வழியாகவும் நண்பர் வழியாகவும் என்னிடம் வந்து சேரும் கேள்வி ஆண்டுதோறும் ஏறக்குறைய ஒன்றுதான்: “பையனை ஹோட்டல் லைனில் விடலாமா, எங்கே விட்டால் நிலைப்பான்?” அண்மைக் காலமாகப் பெண்களைப் பற்றியும் இதே கேள்வி வருகிறது. இருபது ஆண்டுகளுக்கு மேல் ரிசப்ஷன் மேசைக்குப் பின்னால் நின்றவன் என்ற முறையில், விடலாமா என்பதை விட எங்கே என்பதற்குத்தான் என்னால் பொறுப்பாகப் பதில் சொல்ல முடியும். நட்சத்திர ஹோட்டல், கோயில் ஊர் அல்லது மருத்துவமனை ஊர் லாட்ஜ், மலைவாசஸ்தல ரிசார்ட், வெளிநாடு அல்லது கப்பல், சொந்த வீட்டில் ஹோம்ஸ்டே ஆகிய ஐந்து வழிகள் இன்று ஓர் இளைஞருக்கு முன்னால் இருக்கின்றன. ஐந்தும் ஒரே துறை என்று பேசப்பட்டாலும், உள்ளே நுழைந்தவருக்கு அவை ஐந்து வெவ்வேறு தொழில்கள்.

முதலில் ஒரு சொல் குழப்பத்தைத் தீர்த்துக்கொள்ள வேண்டும். நம் ஊரில் ஹோட்டல் என்றால் சாப்பிடும் இடம், லாட்ஜ் என்றால் தங்கும் இடம். அரசுக் கணக்கிலும் இரண்டும் பக்கத்துப் பக்கத்தில்தான் உட்கார்ந்திருக்கின்றன. 2008ஆம் ஆண்டின் தேசியத் தொழில் வகைப்பாடு தங்குமிடங்களை 55ஆம் பிரிவாகவும் உணவு வழங்குதலை 56ஆம் பிரிவாகவும் பிரித்துவிட்டு, இரண்டையும் ஒரே பகுதிக்குள் வைக்கிறது. ஆகவே ‘ஹோட்டல் துறையில் வேலைவாய்ப்பு பெருகுகிறது’ என்று செய்தி படிக்கும்போது, அந்தப் பெருக்கம் அறைகளில் நிகழ்ந்ததா, தெருமுனைப் பிரியாணிக் கடைகளில் நிகழ்ந்ததா என்று கேட்டுக்கொள்வது நல்லது. இங்கே நான் எழுதுவது அறைகளைப் பற்றி மட்டுமே.

அறை என்ற சரக்குக்கு ஒரு குணம் உண்டு. விற்காத புடவையை ஆடித் தள்ளுபடியில் தள்ளிவிடலாம். நேற்று இரவு காலியாகக் கிடந்த அறையை எந்தத் தள்ளுபடியிலும் இனி விற்க முடியாது. அந்த நட்டத்தை யாராவது ஒருவர் சுமந்தே ஆகவேண்டும். முதலாளி சுமக்கிறாரா, ஒப்பந்ததாரர் சுமக்கிறாரா, தொழிலாளி சுமக்கிறாரா என்பதைப் பொறுத்தே இந்தத் துறையில் ஒரு வேலை நல்ல வேலையா இல்லையா என்பதை நான் முடிவு செய்கிறேன். சீருடையும் நட்சத்திரமும் தொடக்கச் சம்பளமும் என் கணக்கில் அதற்குப் பிறகுதான்.

இந்த நட்டம் எவ்வளவு பெரிதாக வரக்கூடும் என்பதை அண்மை ஆண்டுகளே காட்டிவிட்டன. ஒன்றிய சுற்றுலா அமைச்சகத்தின் கணக்கில், தமிழ்நாட்டுக்குள் உள்நாட்டுப் பயணிகளின் வருகை 2019இல் சுமார் 49.5 கோடியாக இருந்தது. 2020இல் சுமார் 14 கோடி, 2021இல் சுமார் 11.5 கோடி என்று சரிந்து, 2022இல் 22 கோடியை நெருங்கி, 2023இல் சுமார் 28.6 கோடிக்கு ஏறியது. வெளிநாட்டவர் வருகையின் கதை இன்னும் கடுமையானது: 2019இல் ஏறக்குறைய 68.7 லட்சம், 2023இல் ஏறக்குறைய 11.7 லட்சம். இவை வருகைகளின் எண்ணிக்கையே தவிர அறை எடுத்தவர்களின் எண்ணிக்கை அல்ல; திருவிழாவுக்கு வந்து பேருந்திலேயே தூங்கிவிட்டுத் திரும்புபவரும் இதில் அடக்கம். ஆனாலும் ஒன்று தெளிவாகிறது. இன்று அறைகளை நிரப்புபவர் பெரும்பாலும் உள்நாட்டுப் பயணி. அவர் அறை எடுக்குமுன் நாலு செயலிகளில் வாடகையை ஒப்பிட்டுப் பார்ப்பவர். ஓரிரவு தங்கிவிட்டுக் கிளம்பிவிடுபவர். நான் பார்த்தவரை, 2020இல் வேலையை விட்டு அனுப்பப்பட்டவர்களில் எல்லோரும் திரும்ப அழைக்கப்படவில்லை. முன்பு மூன்று பேர் நின்ற மேசையில் இருவர் நிற்கிறார்கள். ரிசர்வேஷன் பார்த்தவரே பில்லும் போடுகிறார், ஆன்லைன் விமர்சனத்துக்குப் பதிலும் எழுதுகிறார்.

நட்சத்திர ஹோட்டலுக்கான பாதை ஓரளவு ஒழுங்கானது. 1963இல் தொடங்கப்பட்டு இன்று சென்னை தரமணியில் உள்ள ஹோட்டல் மேலாண்மை நிறுவனம், திருச்சி துவாக்குடியில் உள்ள மாநில நிறுவனம் ஆகிய இரண்டும் தேசிய ஹோட்டல் மேலாண்மைக் கவுன்சிலோடு இணைந்தவை; இவற்றில் பட்டப்படிப்புக்குக் கவுன்சிலின் நுழைவுத் தேர்வை எழுத வேண்டும். ஆதிதிராவிடர், பழங்குடியினர் மாணவர்கள் தரமணியில் படிப்பதற்கான செலவை, அவர்களுக்கான மாநில அரசு மேம்பாட்டு நிறுவனமான தாட்கோ ஏற்கும் திட்டம் ஒன்று உண்டு. இது தெரியாமலேயே தனியார் கல்லூரியில் கடன் வாங்கிக் கட்டிய குடும்பங்களை நான் பார்த்திருக்கிறேன். நுழைவுத் தேர்வுக்கும் தாட்கோவுக்கும் விண்ணப்பிக்காமல் தனியார் கல்லூரியின் வாசலை மிதிக்க வேண்டாம் என்பதே என் கருத்து. தனியாரில் நல்லவை இல்லை என்பதல்ல காரணம். முதல் வேலையில் எல்லோருக்கும் கிடைப்பது ஏறக்குறைய ஒரே சம்பளம், அதுவும் பெரும்பாலும் தொழிலாளர் காப்பீடான இஎஸ்ஐயின் வரம்பான மாதம் ரூ.21,000க்குள் அடங்குவது. ஏழெட்டு லட்சம் கடனை அந்தச் சம்பளத்தில் அடைக்க முடியாது.

பட்டம் பெற்றவருக்கு இந்தத் துறை ஓர் ஏணியைத் தருகிறது. சமையலறையில் கமி (உதவிச் சமையற்காரர்) மூன்றாகச் சேர்ந்தவர் இரண்டு, ஒன்று என்று ஏறி, ஒரு பகுதிக்குப் பொறுப்பாளராகி, தலைமைச் சமையற்காரருக்கு அடுத்த சூ ஷெஃப் வரை போகலாம்; இடையில் ஓர் ஊர் மாறினால் ஒரு படி கூடுதலாகக் கிடைக்கும். தாஜ் கோரமண்டல் 1974இலும், ஐடிசி தன் முதல் ஹோட்டலான சோழாவை 1975இலும் சென்னையில் திறந்த காலம் முதல், இந்நகரின் பெரிய ஹோட்டல்கள் பள்ளிக்கூடங்களைப் போலவே இயங்கி வந்திருக்கின்றன. 2012இல் திறக்கப்பட்ட கிராண்ட் சோழாவின் 600 அறைகளைப் போன்ற அளவில் ஓர் ஆண்டு வேலை பார்த்தவரை எந்த ஊரிலும் கேள்வி கேட்காமல் எடுத்துக்கொள்வார்கள். திறமைக்கு இந்த மதிப்பு லாட்ஜில் கிடைக்காது.

ஆனால் அதே கட்டடத்துக்குள் இரண்டாவது வரிசை ஒன்று உண்டு. காலை ஏழரை மணிக்கு ஹவுஸ்கீப்பிங் அறையில் போய் நின்று பார்த்தால் அது விளங்கும். சூப்பர்வைசர் அன்றைய தாளைப் பிரித்துக் கொடுக்கிறார்: ஒருவருக்குப் பதினான்கு அறை, சில நாள் பதினாறு. விருந்தினர் தொடர்ந்து தங்கும் அறை என்றால் அரை மணிக்குள் முடியும். காலி செய்துவிட்டுப் போன அறை என்றால் மெத்தை விரிப்பு, தலையணை உறை, குளியலறைக் கண்ணாடியின் சோப்புத் திவலை, கட்டிலுக்கு அடியில் கிடக்கும் சிப்ஸ் துகள் என்று முக்கால் மணிக்கு மேல் இழுக்கும். அன்றைக்கு யாருக்கு எத்தனை காலி செய்த அறை விழுகிறது என்பதில்தான் அவர்களுடைய இடுப்பு வலி இருக்கிறது. தாளை வாங்கும் கைகளில் பல அசாமிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்தவை, மற்றவை செங்கல்பட்டிலிருந்தும் திருவள்ளூரிலிருந்தும் முதல் ரயிலைப் பிடித்து வரும் பெண்களுடையவை. அவர்களில் பெரும்பாலோர் ஹோட்டலின் சம்பளப் பட்டியலில் இல்லை. ஆள் வழங்கும் ஒப்பந்ததாரரின் பட்டியலில் இருக்கிறார்கள். 2020 மார்ச் 25 அன்று ஊரடங்கு வந்தபோது நான் வேலை பார்த்த ஹோட்டலில் பட்டியலில் இருந்த எங்களுக்குச் சம்பளம் பாதியானது. ஒப்பந்த ஆட்களுக்கு ஒரு தொலைபேசி அழைப்போடு முடிந்தது. காலி அறையின் நட்டம் முதலில் யார் தலையில் விழும் என்று அந்த வாரத்தில் தெரிந்துகொண்டேன்.

தமிழ்நாட்டில் 1981ஆம் ஆண்டின் நிரந்தரத் தகுதி வழங்கும் சட்டம், 24 மாதங்களில் 480 நாள் தொடர்ந்து வேலை செய்தவர் நிரந்தரமாக வேண்டும் என்கிறது. உணவு நிறுவனங்களும் கடைகளும் அதன் வரையறைக்குள் வருபவையே. ஒப்பந்ததாரர் மாறும்போதெல்லாம் இந்த நாள் கணக்கைப் புதிதாகத் தொடங்கப் பார்க்கிறார்கள் என்பதால், பழைய வருகைப் பதிவின் படத்தையாவது கைப்பேசியில் வைத்திருக்கச் சொல்கிறேன். சர்வீஸ் சார்ஜ் விஷயமும் மாறிவிட்டது. அதைப் பில்லில் தானாகச் சேர்க்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில் வெளியிட்ட வழிகாட்டுதலை டெல்லி உயர் நீதிமன்றம் 2025 மார்ச்சில் உறுதி செய்த பிறகு, பில்லில் தானாகச் சேர்த்து வந்த அந்தத் தொகையைச் சம்பளத்தின் பகுதியாகக் காட்டி ஆள் எடுப்பது நம்பத்தக்கதல்ல. நேர்முகத் தேர்வில் ‘சர்வீஸ் சார்ஜ் சேர்த்து இவ்வளவு வரும்’ என்றால், அது இல்லாமல் எவ்வளவு என்று கேட்க வேண்டும்.

வேலைவாய்ப்பின் போக்கை மாற்றக்கூடிய இன்னொரு செய்தி, வரி பற்றியது என்பதால் வேலை தேடுவோர் கண்ணில் படாமல் போய்விட்டது. 2025 செப்டம்பர் 22 முதல் நாளொன்றுக்கு ரூ.7,500 வரை வாடகை உள்ள அறைகளுக்கு ஜிஎஸ்டி 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைந்தது. ஆனால் உள்ளீட்டு வரி வரவு, அதாவது ஹோட்டல் தான் வாங்குபவற்றுக்குக் கட்டிய வரியைக் கழித்துக்கொள்ளும் வசதி, கிடையாது. ஆள் வழங்கும் ஒப்பந்ததாரர் தம் பில்லில் 18 சதவீத வரி போடுகிறார். முன்பு அந்த வரியை ஹோட்டல் கழித்துக்கொண்டது. இப்போது நடுத்தர ஹோட்டலுக்கு அது கைப்பணம். சொந்தப் பணியாளரின் சம்பளத்துக்கோ ஜிஎஸ்டி இல்லை. கணக்குப் பார்க்கத் தெரிந்த முதலாளி இனி ஹவுஸ்கீப்பிங் ஆட்களைத் தம் பட்டியலிலேயே சேர்த்துக்கொள்ள யோசிப்பார் என்று நினைக்கிறேன். ரூ.7,500க்கு மேல் வாங்கும் ஐந்து நட்சத்திரத்துக்கு இந்த நெருக்கடி இல்லை. ஆகவே பட்டம் இல்லாமல் ஹவுஸ்கீப்பிங்கில் நுழைபவருக்கு, கடற்கரைச் சாலையின் பளபளப்பான பெயரை விட, ஒரகடத்திலோ ஓசூரிலோ நிறுவன ஊழியர்கள் வாரநாளில் தங்கும் மூன்று நட்சத்திர ஹோட்டல் நல்ல இடமாக இருக்கக்கூடும். இது என் ஊகம்தான் என்றாலும், இன்று என்னைக் கேட்பவர்களிடம் துணிந்து சொல்லும் ஊகம்.

லாட்ஜ் பக்கம் வருவோம். இதைத் தாழ்வாகப் பேசுவது ஹோட்டல் கல்லூரிகளின் வழக்கம். எனக்கு அந்த எண்ணம் இல்லை. ராமேஸ்வரம் லாட்ஜ் ஒன்றில் அதிகாலை எப்படி இருக்கும் என்று சொல்கிறேன். அக்னி தீர்த்தத்தில் முழுகி, கோயிலுக்குள் 22 தீர்த்தங்களிலும் தலையில் வாளி வாளியாக ஊற்றிக்கொண்டு, ஒரு குடும்பம் ஈரத்துணியோடு படியேறி வருகிறது. மாடிப்படி, வராந்தா, அறை எல்லாம் தண்ணீர். அவர்கள் உடை மாற்றித் தரிசனத்துக்குப் போனதும் ரூம் பாய் தரையைத் துடைக்க வேண்டும், ஏழு மணிக்கு இன்னொரு குடும்பம் அதே அறைக்கு வரும். இருபத்து நான்கு மணி நேரச் செக்-அவுட் என்பதால் அறை காலியாகும் நேரம் ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொன்று; நட்சத்திர ஹோட்டலைப் போல நண்பகல் பன்னிரண்டு மணிக்கு வேலை ஒன்றாகக் குவிவதில்லை, நாள் முழுக்கச் சொட்டுச் சொட்டாக வந்துகொண்டே இருக்கும். ஷிஃப்ட் என்று ஒன்று பெயரளவில்தான். தூக்கம் வரவேற்பு மேசைக்குப் பின்னால் விரித்த பாயில்.

இருந்தும் இங்கே பக்தி என்ற காப்பீடு உண்டு. 2022 டிசம்பரில் பழைய பாம்பன் பாலத்தில் ரயில் நின்றது. 2025 ஏப்ரல் 6 அன்று புதிய பாலம் திறக்கப்படும் வரை ராமேஸ்வரத்துக்கு ரயிலே இல்லை. அப்போதும் மக்கள் மண்டபத்தில் இறங்கிப் பேருந்தில் வந்தார்கள். கார்த்திகை முதல் தை வரை ஐயப்பப் பக்தர்கள் பழனியையும் ராமேஸ்வரத்தையும் கன்னியாகுமரியையும் நிரப்பிவிடுகிறார்கள். திருவண்ணாமலையில் ஒவ்வொரு பௌர்ணமியும் ஒரு சின்ன தீபாவளி. அறைகள் காலியாகக் கிடப்பது குறைவு என்பதால் வேலையும் அறுந்துபோவது குறைவு.

வேலூரின் கதை வேறு. சிஎம்சி மருத்துவமனையைச் சுற்றியுள்ள காந்தி சாலையிலும் அதை ஒட்டிய தெருக்களிலும் வங்காள மொழிப் பெயர்ப்பலகைகள் தொங்குகின்றன. அங்கே அறை எடுப்பவர் நோயாளியோடு வாரக்கணக்கில் தங்குபவர். அறையிலேயே ஸ்டவ் வைத்துச் சமைப்பவர். வெளிநாட்டவர் என்றால் 24 மணி நேரத்துக்குள் அவர் தங்கும் விவரத்தை இணையத்தில் பதிவு செய்தாக வேண்டும் என்பதால், பாஸ்போர்ட் படிக்கவும் வங்காளமோ இந்தியோ பேசவும் தெரிந்த ரிசப்ஷனிஸ்ட் அங்கே அருமையான ஆள். ஆனால் 2024 ஆகஸ்டில் வங்கதேசத்தில் ஆட்சி கவிழ்ந்து விசா இறுகியதும் அந்தத் தெருக்களில் அறைகள் காலியாயின. கோயிலை நம்பிய லாட்ஜுக்கும் எல்லைக்கு அப்பாலிருந்து வரும் நோயாளியை நம்பிய லாட்ஜுக்கும் உள்ள வேறுபாடு இதுதான். இரண்டையும் ஒரே தட்டில் வைக்கக் கூடாது.

லாட்ஜின் உண்மையான குறை சட்டத்தின் எல்லைக்கோட்டில் இருக்கிறது. பத்துப் பேர் இருந்தால் இஎஸ்ஐ, இருபது பேர் இருந்தால் பிஎஃப். எட்டுப் பேரை வைத்து நாற்பது அறை நடத்தும் லாட்ஜ் இரண்டுக்கும் வெளியே நிற்கிறது. சில இடங்களில் பத்தாவது ஆளும் இருபதாவது ஆளும் பட்டியலில் ஏறவே மாட்டார்கள். அடிப்படைச் சம்பளம் ரூ.12,000 என்றால் பிஎஃப்பில் தொழிலாளியின் பங்கு ரூ.1,440, முதலாளியின் பங்கும் ரூ.1,440. அது இல்லாத லாட்ஜில் ரூ.1,000 கூடுதலாகக் கையில் தருகிறார்கள் என்று மகிழ்வது தப்புக் கணக்கு. மறுபுறம், ஊரடங்கில் தம் ரூம் பாய்களை அனுப்பாமல் மூன்று மாதம் சோறு போட்டு வைத்திருந்த லாட்ஜ் முதலாளி ஒருவரை எனக்குத் தெரியும். சட்டம் இல்லாத இடத்தில் மனிதரைப் பார்த்துத்தான் சேர வேண்டியிருக்கிறது.

மலைப்பக்கம் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. ஊட்டியிலும் கொடைக்கானலிலும் ஏப்ரல், மே மாதங்களில் ஆள் கிடைக்காமல் தவிப்பார்கள், ஜூலையில் ஆள் குறைப்பார்கள். சென்னை உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் அங்கே வரும் வாகனங்களுக்கு இ-பாஸ் கட்டாயமானது. 2025 கோடையில் நீலகிரிக்கு வாரநாளில் 6,000, வார இறுதியில் 8,000 வாகனங்கள் என்றும், கொடைக்கானலுக்கு 4,000, 6,000 என்றும் உச்சவரம்பு வந்தது. மலைக்கு அது நல்லது. சீசன் வேலையை மட்டும் நம்பிய தொழிலாளிக்கு அந்த இரண்டு மாதமும் சுருங்கிவிட்டது. கல்லூரிக் காலத்தில் ஒரு கோடை அங்கே வேலை பார்ப்பது நல்ல பயிற்சி. குடும்பம் நடத்த அது போதாது.

வெளிநாடும் கப்பலும் பணத்துக்குப் போகும் வழிகள் என்று வெளிப்படையாகவே ஏற்றுக்கொள்வது நேர்மை. கப்பலில் ஆறு முதல் ஒன்பது மாத ஒப்பந்தம், இடையில் சம்பளமில்லாத விடுமுறை. அறை காலியானால் அடுத்த ஒப்பந்தம் வராது, அவ்வளவுதான். ஆனால் தங்கும் இடமும் சாப்பாடும் நிறுவனத்துடையது என்பதால் சம்பளம் அப்படியே மிஞ்சும். இரண்டு மூன்று ஆண்டு நட்சத்திர ஹோட்டலில் வேலை கற்றபின் போனால் உயர்ந்த படியில் சேரலாம், நேராகப் போனால் தட்டுக் கழுவுவதில்தான் தொடங்க வேண்டும். வளைகுடாவுக்கு ஆள் அனுப்பும் முகவர் ஒன்றிய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் பதிவு பெற்றவரா என்று பார்க்க வேண்டும். சேவைக் கட்டணமாக ரூ.30,000மும் அதற்கான ஜிஎஸ்டியும்தான் அவர் சட்டப்படி வாங்கலாம். கப்பல் என்றால் கப்பல் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகத்தின் உரிமம் பெற்ற முகவராக இருக்க வேண்டும். லட்சங்களில் பேசத் தொடங்குபவரிடமிருந்து எழுந்து வந்துவிடலாம்.

ஹோம்ஸ்டேயை வேலை என்று சொல்வது சரியா என்ற தயக்கம் எனக்கு உண்டு. ஒன்றிய அரசின் வீட்டுத் தங்கல் திட்டத்தில் உரிமையாளர் அங்கேயே குடியிருக்க வேண்டும், ஆறு அறைக்கு மேல் கூடாது. காலி அறையின் நட்டம் இங்கே முழுவதும் சொந்தத் தலையில். காரைக்குடிப் பக்கம் பழைய வீடும் அதைப் பராமரிக்க வேறு வருமானமும் உள்ள குடும்பத்துக்கு இது பொருந்தும். வட்டிக்கு வாங்கி வீட்டைக் குத்தகைக்கு எடுத்துச் செய்பவருக்குப் பொருந்தாது.

சென்ற ஆண்டு வந்தவர்களில் இருவருக்கு நான் சொன்ன பதில்களையே இங்கும் வைக்கிறேன். ஆம்பூர்ப் பக்கத்துப் பெண் ஒருவர். நன்றாகப் படிப்பவர், ஆங்கிலத்துக்குப் பயப்படாதவர், வீட்டில் கடன் வாங்க வழியில்லை. நுழைவுத் தேர்வு எழுதித் தரமணி, கிடைக்காவிட்டால் துவாக்குடி, படித்து முடித்ததும் பெரிய ஹோட்டலின் ரிசப்ஷனில் இரண்டு ஆண்டு என்றேன். இன்னொருவர் பத்தாவதோடு நின்ற இளைஞர், வீட்டுக்கு மாதா மாதம் பணம் அனுப்பியாக வேண்டும். அவரை ஐந்து நட்சத்திரத்தின் ஒப்பந்த வரிசைக்கு அனுப்ப எனக்கு மனம் வரவில்லை. இருபது பேருக்கு மேல் வேலை செய்யும் மதுரை லாட்ஜ் ஒன்றில் சேரச் சொன்னேன். இந்தி பேசக் கற்றுக்கொள்ளவும், ஆன்லைன் புக்கிங் வரும் கணினியை இரவு நேரத்தில் பழகிக்கொள்ளவும் சொன்னேன். ரூம் பாய் ஒருவர் மேசைக்கு நகர இன்று லாட்ஜில் உள்ள ஒரே படிக்கட்டு அந்தக் கணினிதான்.

இருவரிடமும் சொன்ன கடைசி விஷயம் ஒன்றே. பணி நியமனக் கடிதத்தில் ஹோட்டலின் பெயர் இருக்கிறதா, ஒப்பந்ததாரரின் பெயர் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். குறித்த கால ஒப்பந்தம் என்றால், 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பின்படி ஓராண்டு முடிந்தாலே பணிக்கொடைக்கு உரிமை உண்டு என்பதால், தொடக்கத் தேதி அதில் தெளிவாக எழுதப்பட்டிருக்க வேண்டும். பிஎஃப் உறுப்பினர் எண்ணான யுஏஎன் வந்ததும் அரசின் உமாங் செயலியில் பாஸ்புக்கைத் திறந்து, முதல் மாதத் தொகை ஏறியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். மூன்றாவது மாதமும் ஏறவில்லை என்றால், அந்த இடத்தில் இருந்துகொண்டே அடுத்த இடம் தேடத் தொடங்கலாம்.